நனையாத விருந்தாளிகள்

தென்காசி மின்வாரியக் காலனி மூன்றாம் தெருவில், செண்பகவடிவின் வீட்டு முற்றத்துப் பித்தளைக் குழாயை ஒரு வைகாசி மத்தியானத்தில் யாரோ திருகிக்கொண்டு போய்விட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, திருடினவன் தண்ணீர் வீணாகக் கூடாதென்று குழாய் இருந்த ஓட்டையில் ஒரு மரக்கட்டையைத் துணி சுற்றி அடைத்துவிட்டுப் போயிருந்தான் என்பதுதான் தெருவுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்த எதற்கும் யாரும் அவ்வளவு ஆச்சரியப்படவில்லை.

வாசலுக்கு ஒரு கேமரா வையுங்கள் என்று புனேயிலிருந்து மகன் சைலப்பன் போனில் சொன்னான். எந்தக் கேமரா என்பதை வடிவின் வீட்டுக்காரர் கைலாசம் தீர்மானிப்பதாக ஆயிற்று. அவர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவர். மாதாமாதம் பணம் கேட்கிற கேமரா வேண்டாம் என்றார். பேட்டரியில் ஓடுகிறது வேண்டாம், ஏணி போட்டு ஏறி அதைக் கழற்றிச் சார்ஜ் போட இனி முட்டி ஒத்துழைக்காது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கேமராவும் வேண்டாம், வாசலைப் பாரென்று வைத்தால் எதிர்வீட்டு அடுப்படியைப் பார்த்துத் தொலைக்கும், அப்புறம் யார் போய்ப் பதில் சொல்வது? வீட்டு வைஃபையில் ஓட வேண்டும், படமெல்லாம் உள்ளேயே ஒரு மெமரி கார்டில் தங்க வேண்டும், ஆள் வந்தால் போனில் டிங்கென்று சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆனி, ஆடி முழுக்கச் சிணுங்குகிற சாரலைத் தாங்க வேண்டும், விலை மட்டும் ஏறவே கூடாது. வடிவு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மூஞ்சி தெளிவாத் தெரியணும். வந்தது யாருன்னு சொல்லாம முதுகைக் காட்டுத கேமரா நமக்கெதுக்கு?”

கடைத்தெருவில் பீர் முகம்மது தன் கடையிலிருந்த பெட்டிகளை எல்லாம் இறக்கிக் காட்டி, கைலாசம் எதற்கும் அசையாததைக் கண்டு, கடைசியில் மேல்தட்டிலிருந்து முனை நசுங்கிய ஒரு பெட்டியை எடுத்தார். அதில் கம்பெனி பெயரே இல்லை.

“அண்ணாச்சி, நீங்க கேட்டதெல்லாம் இதுல இருக்கு, விலையும் பாதிதான். ஒரே ஒரு சங்கதி. வாங்கிட்டுப் போன ஒருத்தர் திருப்பிக் குடுத்துட்டாரு.”

“என்ன கோளாறு?”

“கோளாறுன்னு இல்ல. கொஞ்சம் கூடுதலாக் காட்டுதுன்னாரு.”

குறைத்துக் காட்டினால்தானே கோளாறு, கூடுதலாகக் காட்டினால் நமக்கு லாபம்தானே என்று கைலாசத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்த கையோடு, இந்த ஒரு தடவைதானே என்று ஏணி போட்டு, வாசல் நிலைக்கு மேலே, அழைப்பு மணிக்கு நேராக, தெருமுனை வரைக்கும் தெரிகிற மாதிரி அதை மாட்டினார்.

மறுநாளே போன் டிங்கென்றது. பார்த்தால் கைலாசத்தின் கூட்டாளி அந்தோணி, அவரோடு கம்பம் ஏறினவர், சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி வாசலில் நின்றார். கதவைத் திறந்தால் யாருமில்லை. போனில் பார்த்தால் இருக்கிறார், நேரில் பார்த்தால் இல்லை. கைலாசம் அவரைக் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்க, அந்தோணி வீட்டில்தான் இருந்தார். “இப்பத்தாம்ல ஒன்னப் பாக்க வரணும்னு சட்டையை எடுத்தேன். ஒரு கையை விட்டேன், அதுக்குள்ள சோம்பலாயிட்டு” என்றார்.

கேமரா வந்தவர்களைக் காட்டியது, வர நினைத்து வராமல் போனவர்களையும் காட்டியது. விஷயம் அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கைலாசம் ஒரு பொழுது யோசித்தார், ஆனால் அந்த விலைக்கு மூஞ்சி இவ்வளவு தெளிவாகத் தெரிகிற கேமரா வேறு கிடைக்காது. எது நிஜம், எது நினைப்பு என்று பிரித்தறிவது எப்படி என்பதுதான் சிக்கலாக இருந்தது. அதைப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற ஏட்டு பிச்சாண்டி, கையில் காப்பி டம்ளரோடு, ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

“சாரல்ல நிக்காவல்லா, தலையைப் பாருங்க, ஒரு சொட்டு இல்ல. நெசமா வந்தவன் நனைவான். நெனச்சு வந்தவன் நனைய மாட்டான்.”

அன்றிலிருந்து தெருவுக்கு அது பழகிப்போயிற்று. அந்தப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் சொல்வதே, வரணும் வரணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் என்பதுதான். சொல்கிறவர்களும் அதை நம்பிச் சொல்வதில்லை, கேட்கிறவர்களும் நம்பிக் கேட்பதில்லை, அதனாலேயே அது இத்தனை காலம் யாரையும் நோகடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கைலாசத்தின் சித்தப்பா மகன் வந்து, முட்டி வலின்னு கேள்விப்பட்டதுலேருந்து வரணும்னே நெனச்சேன் அண்ணாச்சி என்று ஆரம்பித்தால், கைலாசம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார், பார்த்துவிட்டு, “காணலையே தம்பி” என்பார். பாவம், அந்தத் தம்பி காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனான். ஆனால் நாலு வீடு தள்ளி இருக்கிற, யாரோடும் பேசாத, சிடுமூஞ்சி என்று பேர் வாங்கின டீச்சர் எஸ்தர், முட்டி வலி வாரத்தில் தினமும் ஒரு தூக்குவாளியோடு வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பியிருந்தாள். வடிவு நேரே அவள் வீட்டுக்குப் போய், “தூக்குவாளியில என்ன டீச்சர்?” என்று கேட்டாள். எஸ்தர் கண்கலங்கி, “கொள்ளு ரசம். சேருமோ சேராதோன்னு…” என்றாள்.

நாளாக நாளாக ஜனங்கள் உஷாரானார்கள். ஆடி வெள்ளிக்கு வடிவு மாவிளக்கு வைத்து எல்லாரையும் அழைத்தபோது, வர முடியாதவர்கள் அவரவர் வீட்டில் முகம் கழுவிப் பொட்டு வைத்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஊன்றி ஒரு நிமிஷம் நினைத்தார்கள். நினைத்துவிட்டு போன் பண்ணினார்கள். “வந்து சேந்துச்சா வடிவு?” “வந்துட்டு மைனி. பச்சைச் சேலை ரொம்ப எடுப்பா இருக்கு.” மனசார வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, அவர்களுக்கும் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்து மறுநாள் கொடுத்தனுப்பினாள். குழாய்த் திருடன்கூட அவ்வப்போது வந்தான். கட்டம்போட்ட சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று, புதிதாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் குழாயை வருத்தத்தோடு பார்த்துவிட்டுப் போனான். பிடித்துவிடலாமா என்று தெருவே ஏட்டையாவைக் கேட்டது. நினைத்ததற்கெல்லாம் கேஸ் போட்டால் ஸ்டேஷனில் இடம் காணாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இப்படிச் சாரலும் நினைப்புமாகத் தெரு நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வடிவின் போன் டிங்கென்றது. அடுப்படியில் நின்றபடியே எடுத்துப் பார்த்தாள். வாசலில் அவளுடைய அக்கா குழல்வாய்மொழி நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா இருக்கிற செங்கோட்டை ஒரு டவுன் பஸ் தூரம்தான். ஆனால் மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. சைலப்பன் கல்யாணத்தின்போது நடந்தது அது. அவசரமாக நிச்சயமாகி அவசரமாக முகூர்த்தம் குறித்த கல்யாணம். குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை அக்காவுக்குத்தான், அதை வீட்டுக்காரரோடு போய், வாசல் ஏறி, தட்டில் மஞ்சள் குங்குமமும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் வடிவுக்குத் தெரியாததில்லை. ஆனால் பத்திரிகைக் கட்டோடு பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு நாள், எதிரே அக்கா வீட்டுக்காரர் திருமலை அத்தான் காய்கறிப் பையோடு வர, “அக்காட்ட குடுத்திருங்கத்தான், நான் நேர்ல வந்து கூப்புடுதேன்” என்று ஒன்றை எடுத்து நீட்டிவிட்டாள். அத்தானும் அதைக் கீரைக்கட்டுக்கு மேலே வைத்துக் கொண்டுபோய்விட்டார். நேரில் போக நேரமே வாய்க்கவில்லை.

நடுரோட்டில் நின்று நீட்டின பத்திரிகையை அக்கா கையால் தொடவில்லை. அவள் கல்யாணத்துக்கும் வரவில்லை. வடிவு மஞ்சள்காமாலையில் கிடந்த வருஷம் முழுக்கச் சைலப்பனை இடுப்பில் வைத்துச் சோறூட்டினவள் அக்காதான், மணையில் உட்கார்ந்த பையன் பெரியம்மா எங்கே எங்கே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வடிவுக்குத் தான் ரோட்டில் நின்று கொடுத்தது மறந்துபோயிற்று, அக்கா வராதது மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது. அக்காவுக்கும் அதேபோல ஒன்று மறந்து ஒன்று நின்றிருக்கும். மூத்தவள்தானே, அவளே வரட்டும் என்று இவளும், தப்பு செய்தவள்தானே, அவளே வரட்டும் என்று அவளும் இருந்தார்கள்.

இப்போது போனில், அக்கா அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். வடிவு அவள் உடம்பில் பார்த்தே இராத பட்டு. கையில் துணி சுற்றிய ஒரு குத்துவிளக்கு இருந்தது, அதன் மயில் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. கல்யாணத்துக்கென்று எடுத்து, உடுத்தாமலே பெட்டியில் போட்ட சேலை அது, கொடுக்காமலே வைத்திருக்கிற விளக்கு அது என்று வடிவுக்குச் சட்டென்று விளங்கியது. அக்கா மணியை நோக்கிக் கையைத் தூக்கினாள், ஆனால் தொடவில்லை. வெளியே சாரல் சடசடத்தது. அவள் மேல் ஒரு சொட்டும் இல்லை.

வடிவு கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். வெறும் படி. உள்ளே கூடத்தில் இருந்து கைலாசம் போனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அந்தா பக்கத்துலதான் நிக்காவ. கொஞ்சம் வலது பக்கம் தள்ளு. ஆங், இப்ப நேருக்கு நேர் நிக்கே.”

“வாக்கா” என்றாள் வடிவு, சாரலைப் பார்த்து. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வந்தது. “என்னங்க, பாக்காளா என்னய?”

கைலாசம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இல்லளா. மணியைத்தான் பாத்துக்கிட்டு நிக்காவ.”

அதற்குப் பிறகு பல வெள்ளிக்கிழமைகளில் அக்கா வந்தாள். வடிவு அடுப்பை அணைத்துவிட்டு போனோடு உட்கார்ந்துவிடுவாள். தெருவுக்கும் தெரிந்துபோயிற்று. ஏட்டையா சம்சாரம் முருகம்மாள் முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள், “அவ்வோதான் இத்தனை தடவை வந்தாச்சே, இனி நீங்க ஒரு தடவை போனா என்ன?”

“நெனச்சு வந்தா வந்ததாகுமா?” என்று வடிவு வெடுக்கென்று கேட்டாள். “நனைஞ்சு வரட்டும், அப்பப் பாப்போம்.”

கேட்டுவிட்டாளே தவிர, ஒரு விஷயம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அக்கா தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் மணிக்குப் பக்கத்தில் நின்றவள், அப்புறம் படிக்குக் கீழே நின்றாள், அப்புறம் வாசல் கேட்டுக்கு வெளியே. பட்டுச்சேலை போய் வீட்டில் கட்டுகிற நூல்சேலை வந்தது. விளக்கைக் காணோம். ஆடிக் கடைசியில் அவள் தெருவின் மின்கம்பத்தருகே, முகத்தை வேறு எங்கோ திருப்பிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நின்றாள்.

அந்த மாதிரி தள்ளித் தள்ளிப் போன இன்னொருவர் அந்தோணி. ஒரு கைச் சட்டையோடு படியில் நின்றவர், கேட்டுக்குப் போய், கம்பத்துக்குப் போய், தெருமுனையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்து, பிறகு வராமலே போனார். கைலாசம் பயந்துபோய் அவரைக் கூப்பிட்டார். அந்தோணிக்கு ஒன்றுமில்லை, நல்ல சுகம்.

“கோவமால அந்தோணி?”

“சேச்சே, கோவமெல்லாம் இல்லப்பா. வராமலே பழகிட்டு. இப்பல்லாம் நெனப்பே வரலை” என்று அந்தோணி சாதாரணமாகத்தான் சொன்னார்.

கைலாசம் போனைக் கீழே வைத்தார். வடிவு அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சண்டை போட்டு அக்கா வராமல் இருந்தால் அது தாங்கும், இத்தனை வருஷம் தாங்கினாளே. சண்டையும் ஓய்ந்து, தன்னைப் பற்றிய நினைப்பே அக்காவுக்கு வராமல் போய்விடும் என்பதுதான் அவளைப் பதற வைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போன் டிங்கென்றபோது அக்கா தெருமுனையில், கட்டைவிரல் அளவுக்கு நின்றாள்.

வடிவு எழுந்து பீரோவைத் திறந்தாள். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகள் அடித்தட்டில் பிளாஸ்டிக் பையில் இருந்தன. ஒன்றை எடுத்து நாலு மூலையிலும் புதுசாக மஞ்சள் தடவினாள். தட்டில் குங்குமச்சிமிழ், வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்தாள். கைலாசத்தைப் பார்த்து, “வேட்டியை மாத்துங்க. ராகுகாலத்துக்கு முந்தி செங்கோட்டை போயிரணும்” என்றாள். அவர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கமாகக் குடை எடுக்காமல் படி இறங்க மாட்டார், அன்றைக்கு அதைக்கூட மறந்துவிட்டார்.

அக்கா வீட்டு வாசலில் இருவரும் தலையோடு கால் நனைந்து நின்றார்கள். திறந்தவர் திருமலை அத்தான். தட்டைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், “வாங்க” என்றார், சொல்லிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே திரும்பி, “ஏளா, இங்க வந்து பாரு” என்று கூப்பிட்டார். அக்கா வந்தாள். மெலிந்திருந்தாள். படி ஏறி வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் இருக்க அவளாலும் முடியவில்லை.

“வாங்க” என்றாள், கைலாசத்தைப் பார்த்து மட்டும்.

வடிவு தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். மூச்சு விடாமல், மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். “சைலப்பனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்க்கா. நீயும் அத்தானும் முந்தியே வந்திருந்து நடத்திக் குடுக்கணும்.”

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். “அன்னைக்கு நான் அதை வாங்கியே இருக்கக் கூடாது. கீரையை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கணும்” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

அக்கா அவரைச் சட்டை செய்யாமல் பத்திரிகையை எடுத்து, கண்ணாடி போட்டு, பிள்ளையார் சுழியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரைக்கும் நிதானமாகப் படித்தாள்.

“முகூர்த்தம் முடிஞ்சு மூணு வருஷமாச்சேட்டி.”

“நீ வராம எனக்கு முடியலைக்கா” என்றாள் வடிவு. “எனக்கு அந்தக் கல்யாணம் இன்னும் முடியவே இல்ல.”

அக்கா வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டாள். காப்பி கொடுத்தாள், துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தாள். கிளம்பும்போது வடிவு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, “பாப்போம்” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து போன் வாயே திறக்கவில்லை. படியில் அக்கா இல்லை, கேட்டில் இல்லை, கம்பத்தடியில் இல்லை. வடிவு விரலால் படத்தைப் பெரிதாக்கித் தெருமுனையைத் தேடினாள். அங்கே ஒரு நாய் சாரலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. முருகம்மாள் வந்தாள், எஸ்தர் டீச்சர் கொள்ளு ரசத்தோடு வந்தாள், ஏட்டையா வாசலோடு நின்றார், யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கடைசித் துளி நினைப்பையும் நானே போய் வாங்கித் தீர்த்துவிட்டேனோ என்று வடிவு பயந்தாள். வருவதென்று முடிவு செய்தவர்களுக்கு வருவதைப் பற்றிய நினைப்பு இருக்காது, சேலைக்கு இஸ்திரி போடவும் வீட்டைப் பூட்டவும்தான் அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும் என்பது அத்தனை பேர் கூடியிருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன் டிங்கென்றது.

வாசல்படியில் அக்கா நின்றாள். அதே அரக்குப் பட்டு. அதே துணி சுற்றிய விளக்கு, மயில் மட்டும் வெளியே. வடிவு எழுந்திருக்கவில்லை. இதை அவள் எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டாள். அக்கா மணியை நோக்கிக் கையைத் தூக்கினாள், அந்தக் கையின் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வடிவு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அக்காவின் நரைத்த வகிடு நனைந்து ஒட்டியிருந்தது, பட்டின் தோள் கறுத்திருந்தது, கரையில் தெருச்சேறு. பின்னால் அத்தான், குடை விரிய மாட்டேனென்று அடம்பிடிக்க, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது.

வடிவு ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். அக்காவின் தோளைத் தொட்டாள், தலையைத் தொட்டாள், ஈரமான முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“நனைஞ்சிருக்கியேக்கா” என்றாள். “நனைஞ்சிருக்கியேக்கா, நனைஞ்சிருக்கியே” என்று அதையே சொல்லிச் சொல்லி, தெருவே பார்க்க அழுதாள்.

கேமரா சங்கதி ஒன்றும் தெரியாத அக்கா, இதற்குப் போய் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று விளங்காமல், விளக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“இது என்ன கூத்து? சாரல்ல வந்தா நனையாமலாட்டி இருப்பாவ?” என்றாள். “வழியை விடு, பொண்ணு மாப்பிள்ளையைப் போன்ல கூப்பிடு.”